கடலைக்காட்டில் காடு அளப்பது எப்படி?

நாட்டில் எத்தனை மரம் இருக்கிறது, வெட்டினால் எத்தனை கன மீட்டர் கட்டை தேறும் என்று யாரோ கேட்டு, நீங்களும் வேறு வேலை இல்லாமல் சரி என்று தலையாட்டிவிட்டீர்கள். பதற வேண்டாம். திண்டுக்கல்லில் இருந்தபடியே ஆரம்பிக்கலாம். சிறுமலைக்கு உடனே வண்டி ஏற வேண்டியதில்லை. காடு அளக்கப் போகிறேன் என்றதும் பூட்ஸ், தொப்பி, தொலைநோக்கி என்று வாங்கிக் குவிப்பவர்கள் உண்டு. இந்த ஊர்ச் சமவெளிக்குத் தேவையானவை வேறு. ஒரு குடை வேண்டும். நாய்க்கடிக்கு ஊசி போடும் ஆஸ்பத்திரி எங்கே என்ற தகவல் வேண்டும். “நாங்க ரோடு போட வரலைங்க” என்பதை நாலு விதமாகச் சொல்லத் தெரிந்த ஒரு வாய் வேண்டும்.

உங்களுக்கு முன்பே இந்த வேலையில் இருப்பவர்கள் டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வன ஆய்வு நிறுவனத்தார். தமிழ்நாடு அவர்களுடைய பெங்களூரு மண்டல அலுவலகத்தின் பொறுப்பு. 1965-ல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையோடு தொடங்கியபோது அதன் நோக்கத்தில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை. மரத்தை நம்பிய தொழிற்சாலைகளுக்குக் கட்டை எங்கே கிடைக்கும் என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. மரத்தை வெட்டுவதற்காக எண்ணத் தொடங்கியவர்கள், 1981 ஜூன் 1-ல் புதுப் பெயரோடு நிறுவனமானார்கள். 1987-லிருந்து இரண்டாண்டுக்கு ஒருமுறை, மரம் கூடியிருக்கிறதா என்று நாட்டுக்கு அறிக்கை கொடுக்கிறார்கள். பதினெட்டாவது அறிக்கை 2024 டிசம்பரில் வந்தது. காடும் மரமுமாகச் சேர்த்து 8,27,357 சதுர கிலோமீட்டர், நாட்டின் பரப்பில் 25.17 விழுக்காடு என்றது அது. கடைசி இலக்கம் வரை துல்லியமாக இருப்பதைக் கவனியுங்கள். அந்த 7-ல் உங்கள் பங்கும் இருக்கப்போகிறது.

எண்ணித் தீர்க்கப் பார்க்காதீர்கள்

புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் காரியம், எல்லா மரத்தையும் எண்ணக் கிளம்புவது. வேடசந்தூர் பக்கம் ஒரு குளத்துக்குள் இறங்கிச் சீமைக்கருவேலத்தை எண்ணிப் பாருங்கள். மத்தியானத்துக்குள் சட்டையும் புத்தியும் கிழிந்துவிடும்.

1856-ல் பர்மாவின் பெகு தேக்குக் காடுகளுக்குக் கண்காணிப்பாளராக வந்த டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியருக்கும் இதே கவலைதான். அவர் யானைமேல் ஏறிக்கொண்டு காட்டுக்குள் கோடு பிடித்தாற்போல் போனார். வழியில் கண்ட தேக்கையெல்லாம் பருமன்வாரியாகப் பிரித்து, பருமனுக்கு ஒரு குச்சி வைத்துக்கொண்டு, கத்தியால் அதில் வெட்டுப் போட்டபடியே போனார் என்பார்கள். அந்த மழைக்குக் காகிதம் தாங்காது, குச்சி தாங்கும். போன கோட்டை ஒட்டிய பட்டையில் கிடைத்த கணக்கை வைத்து மொத்தக் காட்டையும் மதிப்பிட்டார். 1864-ல் இந்திய வனத்துறையின் முதல் தலைமை அதிகாரி ஆனதும் அவரேதான். பிறகு 1919-ல் நார்வே தன் நாட்டுக் காடு முழுவதையும் மாதிரி எடுத்து அளக்கத் தொடங்கியது. நாலைந்து ஆண்டுகளுக்குள் பின்லாந்தும் சுவீடனும் பின்தொடர்ந்தன. நம் பக்கத்தில் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் வங்காளத்துச் சணல் வயல்களில் சிலவற்றை மட்டும் பார்த்து மாகாணத்து விளைச்சலைச் சொல்ல 1937-ல் முயன்றார். பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு வயலில் நாலு முளை அடித்துக் கயிறு கட்டுகிறார்களே, அதுவும் இந்தக் குடும்பத்துச் சொந்தம்தான். ஆகவே உங்களுக்கு முன்னோர்கள் உண்டு. யானைக்கு மட்டும் ஆசைப்படாதீர்கள். கோயிலில் கேட்டால் தரமாட்டார்கள்.

இங்கே யாராவது கட்டாயம் “ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்பார். மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அது வெள்ளைச் சோற்றுக்குச் சரி. நம்மூர்ப் பிரியாணிக்கு ஆகாது. தம் போட்ட அண்டாவில் மேல் கரண்டி ஒரு கதை சொல்லும், அடிக் கரண்டி வேறு கதை சொல்லும். மேலாக எடுத்தவருக்கு வெறும் சீரகச் சம்பா, அடியில் விட்டவருக்குக் கறியும் மசாலாவும். முதலில் எது மேல், எது நடு, எது அடி என்று பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் கரண்டி விட வேண்டும். இன்னொன்றும் உண்டு. கரண்டியை எங்கே விடுவது என்பதைச் சமையல்காரர் தீர்மானிக்கக் கூடாது. அவர் விட்டால் எப்போதும் துண்டோடுதான் வரும்.

அதனால்தான் நாட்டின்மேல் கட்டம் போடுகிறார்கள். 2002-லிருந்து இருந்த முறையில், நாட்டை 14 இயற்கை மண்டலங்களாகப் பிரித்து, அவற்றிலிருந்து 60 மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டாண்டில் முடித்தார்கள். சீட்டில் விழாத மாவட்டம் நிம்மதியாகத் தூங்கலாம். 2016-ல் அந்த நிம்மதி போயிற்று. இப்போது நாடு முழுக்க ஐந்து கிலோமீட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கட்டம். ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு என்று ஐந்தாண்டில் ஒரு சுற்று. திண்டுக்கல் மாவட்டத்தின் பரப்பை 25 சதுர கிலோமீட்டரால் வகுத்தால் சுமார் 250 கட்டம் வரும். ஆண்டுக்கு ஐம்பது. கொடைக்கானல் மேடு, சிறுமலை, அய்யலூர்க் கரடு, ஆத்தூர் அணைப்பக்கம், நிலக்கோட்டைப் பூந்தோட்டம், ஒட்டன்சத்திரத்து முருங்கைத் தோட்டம் எல்லாம் அந்த ஐம்பதுக்குள் எப்படியோ வந்தாக வேண்டும்.

காட்டுக்குள் புள்ளி விழுந்தால் எட்டு மீட்டர் ஆரத்தில் நாலு வட்டம். ஒன்று நடுவில். மற்ற மூன்றும் அதிலிருந்து நாற்பது மீட்டர் தள்ளி, வடக்கில் ஒன்று, 120 பாகையில் ஒன்று, 240 பாகையில் ஒன்று. நாலையும் கூட்டினால் ஏறக்குறைய 804 சதுர மீட்டர். 25 சதுர கிலோமீட்டரில் அது முப்பத்தோராயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சின்ன இடத்தை வைத்து இவ்வளவு பெரிய பேச்சா என்று உங்கள் மாமனார் கேட்பார். கேட்கட்டும். பெரிய பேச்சுக்கு ஆதாரம் அந்தத் துண்டின் பரப்பு இல்லை, துண்டை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை என்பதுதான்.

புள்ளியை நகர்த்துவதற்கான சிறந்த காரணங்கள்

கையில் ஜி.பி.எஸ். கருவி. திரையில் அட்சரேகை, தீர்க்கரேகை. நீங்கள் நிற்பது நத்தம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கடலைக்காட்டில். வெயில் உச்சியில். சுற்றிலும் முழங்கால் உயரத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. நூற்றைம்பது மீட்டர் தாண்டி அருமையான மாந்தோப்பு, நிழல், கயிற்றுக் கட்டில். கருவி சொல்கிறது: இங்கேதான்.

இந்த வேலையின் முழுத் திறமையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. டேப் பிடிப்பதை அரை நாளில் கற்றுக்கொள்ளலாம், மர வகைகளை ஒரு மாதத்தில். கடலைக்காட்டில் நின்றுகொண்டு, மரங்களின் எண்ணிக்கை என்ற இடத்தில் பூஜ்யம் என்று எழுதிவிட்டு வண்டியைக் கிளப்புவதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும். இவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டு வந்து பூஜ்யமா என்று மனம் அடித்துக்கொள்ளும். மேலதிகாரி, போகாமலே எழுதிவிட்டான் என்று நினைப்பாரோ என்று தோன்றும். மாந்தோப்புக்காரரே கூப்பிட்டு, “இங்க வந்து எண்ணுங்க தம்பி, நம்ம தோப்புல அறுபது மரம் நிக்குது” என்று உபசரிப்பார்.

நகர்த்த விரும்புகிறவர்களுக்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. கருவிக்குச் சிக்னல் சரியில்லை. வேலி போட்டிருக்கிறார்கள். நாய் கட்டவிழ்ந்து கிடக்கிறது. முள். பாம்பு. தோட்டக்காரர் சம்சாரம் கத்துகிறார். இதில் ஏதாவது ஒன்றைச் சொல்லிப் பத்தே பத்து மீட்டர் நகர்த்துங்கள், யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதுதான் சங்கடம். மனிதன் வெயிலிலிருந்து நிழலுக்குத்தான் நகர்வான், நிழலிலிருந்து வெயிலுக்கு நகர்ந்தவனை நான் பார்த்ததில்லை. நாடு முழுக்க ஆயிரக்கணக்கான பேர் பத்துப் பத்து மீட்டர் நிழலைப் பார்த்து நகர்ந்தால், ஒரு கன்றுகூட நடாமல் இந்தியாவில் மரம் பெருகிவிடும். புள்ளிவிவரப் பாடம் படித்தவர்கள் இதற்குச் சார்புப் பிழை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எத்தனை ஆயிரம் இடம் அளந்தாலும் இந்தப் பிழை குறையாது. அளக்க அளக்க அதே பொய் உறுதிப்படும், அவ்வளவுதான்.

பூஜ்யம் எழுதிய தாளை அவமானமாக நினைக்காதீர்கள். திண்டுக்கல் சமவெளியில் உண்மையை அதிகம் சுமக்கும் தாள் அது.

நிலத்துக்காரரை எதிர்கொள்வது

சமவெளியில் சிதறி நிற்கும் மரங்களுக்கு நெடுங்காலமாகக் கையாண்ட அளவு மூன்று ஹெக்டேர். சதுரமாக எடுத்தால் பக்கத்துக்கு 173 மீட்டர். அதில் எப்படியும் நாலைந்து பேருடைய வரப்பு வரும். நீங்கள் ஒரு மூலையில் கொடிக்கம்பை நட்டு, மறு மூலைக்கு டேப்பை இழுக்கும்போதே தகவல் ஊருக்குள் போயிருக்கும். டீக்கடையிலிருந்து ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வருவார்.

“என்ன தம்பி, எந்த ரோட்டுக்கு அளக்குறீக?”

“ரோடு இல்லைங்கய்யா. மரம் எண்ணுறோம்.”

“நாலு வழிச் சாலைக்கும் மொதல்ல மரந்தான் எண்ணுனாங்க.”

இதற்குப் பதில் கிடையாது. அவர் சொல்வது உண்மை. அடையாள அட்டையைக் காட்டுங்கள், அவர் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தருவார். நம்பமாட்டார். ஆனால் ஒரு மரத்தைக் காட்டி “இது என்ன மரங்கய்யா?” என்று கேளுங்கள். அந்தக் கணமே ஆள் மாறிவிடுவார். இது உசில், அது வெள்வேல், ஓடை ஓரத்தில் நிற்பது மஞ்சநத்தி, அதோ குடை விரித்தாற்போல் இருக்கிறதே அது ஓடை மரம் என்று வரிசையாக வரும். கையேட்டில் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. அவர் பெயர் சொல்லச் சொல்ல நீங்கள் எண்ணைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். அந்த வேம்பு அவருடைய ஐயா வைத்தது, அதில் ஒரு நிலைக்கதவும் இரண்டு சன்னலும் தேறும் என்பது வரை அவருக்குத் தெரியும். உங்கள் படிவத்தில் சன்னலுக்கு இடம் இல்லை.

கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் இருக்கிறதே, அதில் மரங்களும் இருக்குமே, அதைப் பார்த்து எழுதிவிட்டால் என்ன என்று ஒரு குறுக்குப் புத்தி தோன்றும். புறம்போக்கு மரத்தின் பலனை அனுபவிக்க 2சி பட்டா என்று ஒன்று உண்டு என்பதும் நினைவுக்கு வரும். வேண்டாம். வருவாய்த் துறைக்கு மரம் என்பது பலனும் உரிமையும் சம்பந்தப்பட்ட சங்கதி. யாருடையது, என்ன வரும் என்பதுதான் அங்கே கேள்வி. எவ்வளவு பருமன் என்று அந்தப் பதிவேட்டை யாரும் கேட்டதில்லை, அதுவும் சொன்னதில்லை.

ஒரு மரத்தை அளப்பது

தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். நாலரை அடி. இதை மார்பு உயரம் என்பார்கள். யாருடைய மார்பு என்ற கேள்வி எழுவதால், ஒரு கம்பில் 1.37-ல் கோடு போட்டுக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. ஐரோப்பாவில் 1.30 மீட்டரில் அளக்கிறார்கள், நாமும் அமெரிக்காவும் 1.37. ஏழு சென்டிமீட்டர் வித்தியாசத்தில் மரம் என்ன ஆகிவிடும் என்றால், அடி பெருத்த புளிய மரத்தில் கொஞ்சம் ஆகத்தான் செய்யும். விட்டம் பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அது இன்னும் மரம் ஆகவில்லை. டேப்பைச் சுற்றினால் 31.4 சென்டிமீட்டராவது வர வேண்டும். வாழை எவ்வளவு பருத்தாலும் மரம் இல்லை. வாழைத்தோட்டக்காரர் வருத்தப்பட்டால் பேச்சை மாற்றுங்கள்.

மேடும் பள்ளமுமான இடமாக இருந்தால் மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும். சாய்ந்த மரத்தில், சாய்வோடு போய்த் தண்டுக்குக் குறுக்காகச் சுற்ற வேண்டும். 1.37-க்குக் கீழே கவை பிரிந்தால் இரண்டு மரம், மேலே பிரிந்தால் ஒரு மரம். இந்த விதியை எழுதியவர் சீமைக்கருவேலத்தை நேரில் பார்த்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம். தரையோடு தரையாக ஏழெட்டுக் கிளை வெடித்து, அதில் மூன்று பத்து சென்டிமீட்டரைத் தாண்டி, ஒன்று தாண்டுகிறதா இல்லையா என்று உங்களை ஏங்கவைத்து நிற்கும். டேப்பை உள்ளே விட வேண்டுமானால் நீங்கள் தவழ வேண்டும். முள் முதலில் சட்டையைப் பிடிக்கும், பிறகு காதைப் பிடிக்கும். வெளியே நிற்கிற கூட்டாளி எழுதத் தயாராகப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு “எத்தனை சார்?” என்பார். நீங்கள் உள்ளிருந்து சொல்லும் எண் எதுவானாலும் அவர் எழுதிக்கொள்வார். திரும்பி உள்ளே போய்ச் சரிபார்க்கும் எண்ணம் அவருக்கும் இராது. சரிபார்க்கவென்று பின்னால் வரும் அதிகாரிக்கு மட்டும் அந்தக் கடமை உண்டு. அவர் அளவும் உங்கள் அளவும் ஒத்துப்போனால், இருவருக்கும் காதில் ஒரே இடத்தில் கீறல் இருக்கும்.

சுற்றளவு கிடைத்துவிட்டால் வெட்டாமலே கன அளவு சொல்லலாம். முன்பு வெட்டிய மரங்களைத் துண்டு துண்டாக அளந்து, விட்டத்துக்கு இவ்வளவு கட்டை என்று மரவாரியாகச் சமன்பாடு போட்டு வைத்திருக்கிறார்கள். இந்தியா, நேபாளம், பூட்டான் மூன்றுக்குமாக 1996-ல் அதைத் தொகுத்து நூலாகவே போட்டார்கள். இதை மரக்கடைக்காரர் ஒருவரிடம் பெருமையாகச் சொல்லிப் பார்த்தேன். “நாங்க கயித்தைச் சுத்தி, நாலா மடிச்சு, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால பெருக்குவோம் சார், முடிஞ்சுது” என்றார். வாங்கும்போது இது நல்ல கணக்கு. 120 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள உருட்டுக் கட்டையை நாலாய் மடித்தால் 30, முப்பதை முப்பதால் பெருக்கினால் 900. உண்மையான குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 1,146. மிச்சம் இருபத்தொன்றரை விழுக்காடு காற்றில் போகிறது. எவ்வளவு பெரிய மரமானாலும் எவ்வளவு சின்ன மரமானாலும் அதே இருபத்தொன்றரை, வட்டம் வட்டமாக இருக்கும்வரை மாறாது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வரும் முறை இது. பக்கவாட்டுப் பட்டை சிதைந்துபோவதற்காக விட்ட கழிவு என்று நியாயம் சொல்வார்கள். அந்தச் சிதைவு விறகுக் கடைக்குப் போய் அங்கும் விற்றுவிடுகிறது. நீங்கள் சமன்பாட்டையே நம்புங்கள். மரம் விற்கப் போகும்போதும் அதை மறக்காதீர்கள்.

காட்டுக்குள் விழுந்த புள்ளிகளில் இன்னும் வேலை உண்டு. செடிகொடிக்கு ஒரு மீட்டர் சதுரம், புதருக்கு மூன்று மீட்டர் சதுரம், மண்ணுக்கு முப்பது சென்டிமீட்டர் நீள அகல ஆழத்தில் குழி. கரியமிலக் கணக்குக்கு மண் வேண்டும். சிறுமலையில் குழி தோண்டும்போது யாராவது பார்த்தால், கூட்டம் சேரும் முன் மண்ணைப் பையில் போட்டுக் குழியை மூடிவிடுங்கள். மலையில் ஆபீஸர் ஒருவர் கரியைத் தேடித் தோண்டுகிறார் என்றால் எந்த ஊரிலும் நம்பமாட்டார்கள்.

சாலையும் ஊரும்

சாலையோரத்துக்குப் பத்து மீட்டர் அகலம், 125 மீட்டர் நீளம் என்று ஒரு பட்டை. இங்கே உங்களுக்கு முன்பே எண்ணி வைத்திருப்பார்கள். புளிய மரத்துக்குச் சுண்ணாம்பு அடித்து, பட்டை போட்டு, எண் எழுதியிருக்கும். புளி மகசூலை ஏலம் விட எண் வேண்டுமல்லவா. 41-க்கு அடுத்து 58 வந்தால் நடுவிலிருந்தவை எங்கே என்று யாரிடமும் கேட்காதீர்கள். இரண்டு பக்கத்துப் புளிய மரமும் மேலே கைகோத்து நிழல் போட்ட சாலைகளில் பல, இப்போது நடுவில் அரளிச் செடி வைத்த நாலு வழியாகிவிட்டன. அரளி 1.37 மீட்டரில் பத்து சென்டிமீட்டர் வராது. பூஜ்யம்.

மாநகராட்சிக்குள் வந்தால் தேசிய மாதிரி ஆய்வுக்காகப் பிரித்து வைத்த நகரத் தொகுதிகளே உங்களுக்கும் தொகுதி. தேர்ந்தெடுத்த தொகுதிக்குள் இருக்கும் மரம் அத்தனையும் எண்ண வேண்டும், கொல்லைப்புறத்து முருங்கை உட்பட. நாகல் நகரிலோ ஆர்.எம். காலனியிலோ ஒரு வீட்டு மதில் மேல் பாதாம் மரம் எட்டிப் பார்க்கும், வாசலில் ஊர்ப் பூட்டு தொங்கும். திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள், தட்டினால் திறக்காது. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து பார்த்து, விட்டத்தைக் கண்ணால் கணித்துக் குறிக்கலாமா என்றால் கூடாது. மறுநாள் வரலாம். மறுநாள் வந்தால், “நேத்து மதிலை எட்டிப் பாத்தவன் நீதானே?” என்று வீட்டுக்கார அம்மா கேட்பார். இதற்கும் அடையாள அட்டைதான்.

ஒரு கன்றும் நடாமல் காடு வளர்ப்பது

எல்லாரும் ஆவலோடு காத்திருக்கும் பகுதி இது. கன அளவைச் சொல்வது தரையில் டேப் பிடிப்பவர்கள். காட்டின் பரப்பைச் சொல்வது செயற்கைக்கோள். அதற்கு இலக்கணம் எளிது: ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலம், அதில் பத்து விழுக்காடாவது மரத்தின் மேல்விதானம். நிலம் யாருடையது, என்ன மரம், யார் வைத்தது என்ற கேள்வி கிடையாது. பழத்தோப்பும் மூங்கிலும் பனையினமும் சேர்த்தி. ஆக, நத்தத்து மாந்தோப்பு காடு. வத்தலக்குண்டுத் தென்னந்தோப்பு, இடைவெளி சரியாக இருந்தால், காடு. குளத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் சீமைக்கருவேலம் சாமானியமான காடில்லை, நெருக்கத்தில் நல்ல மதிப்பெண் வாங்கக்கூடிய காடு. அதை வேரோடு பிடுங்கச் சொல்லி 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டபோது, ஊர்களில் பொக்லைன் இறங்கியது. குளம் மீண்டது என்று ஊரார் மகிழ்ந்த இடத்தில் செயற்கைக்கோள் காடழிப்பைப் பார்த்திருக்கும்.

மறுபுறம், பதிவேட்டில் காப்புக்காடு என்று எழுதிய நிலத்தில் முள்ளும் பாறையுமாக விதானம் பத்துக்குக் குறைந்தால் அது காட்டுப் பரப்பில் வராது, வெறும் புதர். அய்யலூர்ப் பக்கத்துக் கரட்டுக் காடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். உசிலும் வெள்வேலும் குட்டையாக, ஆண்டில் பாதி இலையே இல்லாமல் நிற்கும். செயற்கைக்கோள் அவ்வளவாக மதிக்காத இந்தக் காட்டில்தான் தேவாங்கு இருக்கிறது. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரை 2022-ல் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள், நாட்டிலேயே முதலாவது. தேவாங்குக்கு இலக்கணம் தெரியாது, அதனால் தென்னந்தோப்புக்குக் குடிபெயரவில்லை.

எம்.டி. மதுசூதன் போன்ற சூழலியலாளர்கள் வரைபடத்தைப் பிரித்துப் பார்த்துத் தேயிலைத் தோட்டமும் காடாகியிருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். 2023-ல் ஓர் ஆங்கில நாளிதழ் டெல்லியின் வரைபடத்தைத் தோண்டியெடுத்தது. அமைச்சர்களின் பங்களாக்களும் ரிசர்வ் வங்கிக் கட்டடமும் காட்டுக்குள் இருந்தன. அமைச்சர்கள் காட்டில் வசிக்கிறார்கள் என்பதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஒரு ஹெக்டேரும் தேறாத, தனித்தனியாக நிற்கும் மரங்களுக்கும் வழி உண்டு. வரப்பு வேம்பு, பள்ளிக்கூடத்துப் புங்கன், கோயில் அரசு எல்லாவற்றையும் கணக்கில் பிடுங்கிக்கொண்டு போய் ஓரிடத்தில் நெருக்கமாக நட்டால் எவ்வளவு இடம் அடைக்கும் என்று கற்பனை செய்கிறார்கள். அந்தப் பரப்புக்கு மரப்பரப்பு என்று பெயர். பதினெட்டாவது அறிக்கையில் அது 1,12,014 சதுர கிலோமீட்டர். இது ஏமாற்று வேலை என்று சொல்லவில்லை. கணக்கு நேர்மையானது, செய்முறையை அறிக்கையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்புவதில்லை, அதுதான் விஷயம். மூன்றில் ஒரு பங்கு நிலத்தில் காடும் மரமும் வேண்டும் என்றது 1988-ன் தேசிய வனக் கொள்கை. 33 விழுக்காடு என்று 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியது. 2021 அறிக்கையில் தமிழ்நாட்டின் காட்டுப் பரப்பு 20.31 விழுக்காடு. இடைவெளியை நிரப்ப எந்த மரத்தை வைப்பது என்று யோசிப்பவர்களுக்கு என் ஆலோசனை: தென்னை. காய்க்கும், கணக்கிலும் ஏறும்.

பிழையோடு வாழ்வது

உங்கள் ஐம்பது கட்டத்தை வைத்துத் திண்டுக்கல் மாவட்டத்தில் இவ்வளவு கட்டை என்று யாராவது அடித்துச் சொன்னால் கைகட்டிக் கேட்டுவிட்டு வந்துவிடுங்கள். மாதிரி எடுத்த கணக்கில் பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் இடங்களை நாலு மடங்காக்க வேண்டும். ஐம்பது இருநூறாக வேண்டும். இருநூறுக்கு ஆளும் வண்டியும் கேட்டு எழுதினால் பதில் வருவதற்குள் அடுத்த சுற்றே வந்துவிடும். அதனால்தான் கட்டையின் கன அளவை மாநிலவாரியாகச் சொல்கிறார்கள். பெரிய பரப்பில் பிழை அடங்கும், சின்னப் பரப்பில் துள்ளும். மாவட்ட ஆட்சியருக்கு மாவட்டக் கணக்குதான் வேண்டும், ஊராட்சித் தலைவருக்கு ஊராட்சிக் கணக்கு, உங்களிடம் துண்டை உதறிக்கொண்டு வந்த பெரியவருக்குத் தன் வரப்புக் கணக்கு. கடைசியாகச் சொன்னவரிடம் மட்டுந்தான் பிழையில்லாத கணக்கு இருக்கிறது, அதை அவர் யாருக்கும் எழுதிக்கொடுப்பதில்லை.

கிளம்பும் முன் படிவத்தின் கடைசி வேலை, அந்த இடத்துக்கு இன்னொருவர் வழி கண்டுபிடித்து வருவதற்கு அடையாளம் எழுதுவது. சரிபார்ப்பவர் அடுத்த மாதம் வரலாம், வேறு குழு பல ஆண்டு கழித்து வரலாம். மலைக்கோட்டை தெரிகிறது என்று எழுதாதீர்கள். இந்த ஊரில் அது எங்கிருந்தும் தெரியும். டீக்கடை, கட்சிக் கொடிக்கம்பம், பேருந்து நிழற்குடை எல்லாம் ஆட்சிக்கு ஆட்சி இடம் மாறும். ஒற்றைப் பனை நல்ல அடையாளம்தான், ஆனால் செங்கல் சூளைக்காரர் வந்துபோகாத ஊராக இருக்க வேண்டும். கிணறு பரவாயில்லை. தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். மோட்டார் ரூமின் வடகிழக்கு மூலையில் காம்பஸை வைத்து, பாகையையும் தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ரூமை இடித்துவிட்டு மகனுக்கு வீடு கட்டும் யோசனை இருக்கிறதா என்று தோட்டக்காரரைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.